என் மசில் காரை ஏலம் கேட்ட முகம் தெரியாத ஆள்

நேற்று மத்தியானம் என் கார் டிரெய்லரில் ஏறிப் போய்விட்டது.

இதை ஓட்டுவதென்றால் முதலில் ஒரு பெற்றோல் ஸ்டேஷன் வாங்க வேண்டும் என்று பகிடி விட்டவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அது அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த மசில் கார். இரண்டு கதவு, இராட்சத எஞ்சின். அந்த எஞ்சினோடு கையால் மாற்றும் கியர் வருவது அபூர்வம்.

ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஒரு கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கினேன். லண்டனுக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தேன். (சட்டி பானையை விட்டுவிட்டு இதைக் கொண்டு வருகிறீர்களே என்று என் மனைவி சுமதி இன்றைக்கும் கேட்பாள்.)

நான் கார் எலக்ட்ரீஷியன். தெற்கு லண்டனில், சட்டனில், எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் கவுன்சில், அதாவது நகரசபை, வாடகைக்கு விடும் கராஜில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில், வருஷக் கணக்காக அதைத் திருத்தினேன்.

இப்போது கவுன்சில் அந்தக் கராஜ் வரிசையை இடிக்கப் போகிறது. காரை மழையில் தெருவில் விட மனம் வரவில்லை. இன்டர்நெட் ஏலத்தில் போட்டேன்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் கிரஹாம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கென்ட் பக்கமிருந்து மனைவியோடு வந்தார். சுமதி இருவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

மற்றவர்களைப் போல பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டச் சொல்லவில்லை. உள்ளே ஏறி இருந்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். தன்னிடம் காய்ந்த ஷெட் ஒன்று இருக்கிறது, வெயில் நாளில் மட்டும்தான் வெளியே எடுப்பேன், நீயும் குடும்பத்தோடு வந்து ஓட்டலாம் என்றார்.

கார் இந்த மனிதருக்குத்தான் போக வேண்டும் என்று அன்றே சுமதியிடம் சொன்னேன்.

ஏலத்திலும் அவரே முன்னுக்கு நின்றார்.

பிறகுதான் புதிதாக ஒரு ஆள் வந்தார். அந்த ஏலத் தளத்தில் முன்பு எதையும் வாங்காத, எதையும் விற்காத ஆள். கிரஹாம் எவ்வளவு கேட்டாலும், கொஞ்ச நேரத்தில் அதற்கு மேல் சின்னதாகக் கூட்டிக் கேட்டார். வேறு எந்தக் காரையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய கார்ப் பைத்தியங்களின் ஃபோரம் ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே யாரோ என் ஏலத்தின் லிங்க்கைப் போட்டு, விற்கிறவனே ஆள் வைத்து விலையை ஏற்றுகிறான் என்று எழுதிவிட்டார்கள். கீழே வரிசையாக ஆமாம் போட்டவர்களில், வயரிங்கில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கிறவர்களும் இருந்தார்கள்.

கிரஹாம் எனக்குப் போன் எடுத்தார். குரலில் கோபம் இல்லை. அந்த ஆள் உனக்குத் தெரிந்தவரா என்று மட்டும் கேட்டார்.

என் பிள்ளைகள் மேல் சத்தியமாகத் தெரியாது என்றேன்.

சரி, உன்னை நம்புகிறேன் என்றார். நம்பி, இன்னொரு தடவை கூட்டிக் கேட்டார்.

அந்த ஆள் அதற்கும் மேல் கேட்டார். அதோடு கிரஹாம் நிறுத்திவிட்டார். ஏலம் முடிந்தது.

வென்றவருக்கு மெயில் போட்டேன். ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன்.

பதில் வரவில்லை, குகன் வந்தான். சுமதியின் தம்பி, லண்டனிலேயே தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறான். ஜக்கெட்டைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அத்தான், அது நான்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"ஏலத்தில கேட்டது. நீங்கள் அந்தக் காரோட பட்ட பாட்டுக்கு அந்த விலை காணாது எண்டு நினைச்சன். கொஞ்சம் ஏத்திவிட்டிட்டு விலகுவம் எண்டு பாத்தன். மனிசன் திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டுது."

அது பிழை, சட்டப்படியும் பிழை என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோயிலுக்குக் காசு சேர்க்க விடுகிற மாம்பழ ஏலத்தில் கேட்கிற மாதிரி நினைத்திருக்கிறான். அங்கே ஆளை ஆள் ஏற்றிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே.

அந்தப் பெயர் மட்டும் ஏன் என்று கேட்டேன். தன் பெயரைப் பார்த்தால் நான் மறித்துவிடுவேன் என்று பயந்தானாம்.

கத்தத்தான் நினைத்தேன். அதற்குள் சுமதி முந்திக்கொண்டாள்.

"அத்தானுக்கெண்டுதான் செய்தனீ, தெரியும். அவரை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமேடா."

நான் செய்த சத்தியத்தில் பொய் இல்லை. ஆனாலும் கிரஹாமுக்கு என் வாயால் போனது பொய்யாகிவிட்டது.

மறுநாள் காலை அந்தத் தளத்துக்கு நடந்ததை எழுதி, விற்பனையை ரத்துச் செய்தேன். பிறகு கிரஹாமுக்குப் போன் எடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குகன் நுழைவதற்கு முன் நீங்கள் கேட்ட விலைக்கே காரை எடுங்கள் என்றேன்.



நீ சொல்வதை நம்புகிறேன், உன் மச்சான் மேலும் கோபமில்லை என்றார். ஆனால் அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் இந்த வாரம்தான் ஞாபகம் வரும், அது வேண்டாம் என்றார். போனை வைப்பதற்கு முன், சுமதியின் தேத்தண்ணீர் நன்றாக இருந்தது என்று தன் மனைவி சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.

அதுதான் அதிகமாக வலித்தது.

ஃபோரத்தில் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாமல் என் மச்சான் செய்தது என்று எழுதி, ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். அழித்துவிட்டேன். நான் ஆள் வைத்தேன் என்ற அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் ஒரு வியாபாரி எடுத்தார். வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாராம். எஞ்சின் சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை.

குகன் வேலைக்கு லீவு போட்டு வந்து, காரை டிரெய்லரில் ஏற்ற உதவினான். அது போன பிறகு, நான் சொல்லாமலே கராஜைக் கூட்டினான். கூட்டி முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அத்தான், அந்த மனிசன்ர நம்பரைத் தாங்கோ. நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்."

"வேண்டாமடா," என்றேன். "அவர் எங்களை நம்பிறார். அது காணும்."

காணும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே அது போதவில்லை.

குகனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். தன் பெயரையும் போடச் சொன்னான்.

நீங்கள் கிரஹாமாக இருந்திருந்தால் அந்தக் காரை எடுத்திருப்பீர்களா? உள்ளதை எழுதுங்கள். குகனும் வாசிப்பான், பரவாயில்லை.