மாமா இழுத்த சுண்ணாம்புக் கோடு

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒன்று என் ஓரகத்தி பெற்றுவிட்டுப் போனது. ஆறு பேரில் ஒருவரும் என்னிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. ஆரணியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் பத்து வயதில் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொண்டுபோய்க் கொடுப்பதும், நெய்த சேலைகளை வாங்கி வருவதும் அதில்தான். ஒரு மழைக்காலத்தில் அது இருமி இருமி நின்றுபோனது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது களம்பூரில் லாரி மெக்கானிக்கிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார். தானே பார்ப்பதாக வந்தார். வண்டி ஓடினால் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் சொந்தமாகப் பட்டறை வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"இன்னா மச்சான், ஓட்டித் தருவியா, இல்ல பழைய இரும்புக்காரன கூப்புடட்டா?"

"சாயங்காலம் நீங்களே ஓட்டிகினு போங்க மாமா" என்றார் அவர்.

பிளக்குகளைச் சுத்தம் செய்யக் கழற்றி வைத்தார். முன்னால் ஹேண்டிலைச் செருகி மெல்லச் சுற்றி, எஞ்சினை ஓர் இடத்தில் நிறுத்தினார். எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதை வெளியே எடுப்பதற்கு முன், அதன் முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு தொட்டு ஒரு கோடு இழுத்தார். உள்ளே ஏதோ தேய்ந்திருந்தது. மாற்றிக்கொண்டு வரக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

"பாப்பா, நான் வர்ற வரைக்கும் இங்கியே குந்திகினு இரு. யாரும் ஹேண்டில தொடக் கூடாது. எஞ்சின் கொஞ்சம் சுத்திச்சின்னாலும் என் கோடு பொய்யாப் பூடும்."

அந்த "யாரும்" என்பதில் நான் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ராட்டையில் பட்டு சுற்றுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. வளர்ந்த பெண்கள் அறுத்துவிடும் இழையை நான் அறுக்காமல் சுற்றுவேன். அந்த ஹேண்டில் என் கண்ணுக்குப் பெரிய ராட்டையாகத்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் தம் பிடித்து இழுத்தேன். பிளக் இல்லாத எஞ்சின், சொன்ன பேச்சுக் கேட்டது. ஒரு சுற்று. இரண்டாவது முடிவதற்குள் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா கோட்டுக்கு நேராக முள்ளை வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி முறுக்கினார். பிளக்குகளைப் போட்டார். காவல் இருந்ததற்காக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு ஹேண்டிலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

பொறி நேரத்துக்கு முன்னால் பாய்ந்துவிட்டது. ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. மாமாவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

புத்தூர்க் கட்டுப் போட்டார்கள். மறுநாள் வேலூரிலிருந்து வேறொரு மெக்கானிக்கை அப்பா கூட்டிவந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "டைமிங் எங்கியோ கீதுங்க. கண்ண மூடிகினு வெச்சானா?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை என்னை அருகில் கூப்பிட்டார். கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கியிருந்தன.

"பாப்பா, யாராவது ஹேண்டில தொட்டாங்களா? திட்ட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

"இல்ல மாமா. நான் அங்கியேதான் இருந்தேன்."

"அப்ப நான்தான் தப்பா வெச்சிருக்கேன்" என்றார்.

கட்டை அவிழ்த்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கைதான் கூடிவிட்டதே! ஆனால் மாமா களம்பூருக்குத் திரும்பவில்லை. சேத்துப்பட்டில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போனார். என் கல்யாணத்தன்று நாங்கள் போன வேன் பெரணமல்லூர் தாண்டி நின்றுவிட்டது. "உங்க மாமா மெக்கானிக்குன்னாங்களே?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "நமக்கு அந்த வேல வராதுங்க" என்று சொல்லிவிட்டு, மாமா இறங்கிப் போய் மற்றவர்களோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார். நான் பட்டுச் சேலையில் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

பத்து வயதில், அடி விழாமல் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். தன் கண்ணையும் கையையும் இனிமேல் நம்பலாமா என்று அவர் ஒரு சிறுபெண்ணிடம் கேட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை. நம்பாதே என்று சொல்லிவிட்டேன்.

எழுதிட்டியா கண்ணு? எங்க, மொதல்லேர்ந்து படி. "இல்ல மாமா"ன்னு நான் சொன்ன எடம் வர்றப்ப மட்டும் கொரல எறக்காத. ஆயா கேட்டுகினுதான் இருப்பேன்.