முதலில் ஆடியது ராசா

பிறம்ரன் நகரத்தில் வெயார்ஹவுஸ் ஒன்றில், சரக்குக் கிடங்கு வேலையில், பெட்டி தூக்கி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி செய்த பெண், முதுகு பலப்படப் பெரியவர்களுக்கான பாலே நடன வகுப்பில் சேரச் சொன்னாள். டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு அருகே சமூக நிலையத்தில் அது நடந்தது. அங்கே நான் ஒருவனே ஆண். கண்ணாடியில் என் தொந்தியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை லிஃப்டில் கேட்டார்.

"என்ன, பொம்பிளையளின்ரை ஆட்டம் பழகப் போறீராம்?"

முகம் சுட்டது. இனி எது வந்தாலும் வகுப்பை விடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன். ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டுப் பாலேயின் கதையைச் சொன்னார். இத்தாலிய அரண்மனை விருந்துகளில் பிறந்த ஆட்டம் அது. பிரான்சில் ஓர் அரசன் தானே மேடையேறி ஆடினான், அதற்கென்று பள்ளியும் அமைத்தான். அசைவுகளின் பெயர்கள் இன்றும் பிரெஞ்சிலேயே இருப்பது அதனால்தான். தொடக்கத்தில் பெண் வேடத்தைக்கூட ஆண்களே முகமூடி போட்டு ஆடினார்களாம்.

அடுத்த முறை லிஃப்டில் நானே தொடங்கினேன்.

"அண்ணை, உந்த ஆட்டத்தை முதலிலை ஆடினது ராசா."

"நீர் ராசாவோ?"

"இல்லை. ஆனா ஆடுவன்."

வசந்த காலத்தில் எங்கள் வகுப்பு மேடையேறியது. ஒரு காலில் நிற்கும்போது தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை பின்வரிசையில் இருந்திருக்கிறார். முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"விழுவீர் எண்டு பாக்கத்தான் வந்தனான். நல்லாய்த்தான் நிண்டீர். இனியும் போவீரோ?"

"ஓம் அண்ணை. துள்ளிப் பாயுற ஆட்டம் எனக்கு இன்னும் வரேல்லை."