மாப்பிள்ளைக்குப் பிடித்த இன்ஜின்

சணல் சாக்கில் சுற்றிய அந்த இன்ஜினை லாரியிலிருந்து நாலு பேர் தூக்கி வந்து, எங்கள் மாட்டுக் கொட்டகையில் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். சாக்கை அவிழ்த்ததும் அப்பா குனிந்து பார்த்தார். “ஏனுங் மாப்ள, பால் கேனாட்டந்தான இருக்குது? இதா காரை இழுக்கப் போகுது?” என்று சிரித்தார். அக்காவின் கணவரும் சிரித்தார். கொட்டகையில் நானும் இருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததும் இல்லை.

எங்கள் ஊர் மீனாட்சிபுரம். தென்னை, மாடு, பாலுக்குக் காத்திருக்கும் வண்டி என்று நடக்கும் எல்லைக் கிராமம். நான் கோயமுத்தூரில் ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்கு வந்தால் அப்பாவுக்கும் எனக்கும் சண்டைதான். கிணற்று மோட்டாரில் தொடங்கி என் தலைமுடி வரைக்கும் எதிலும் ஒத்துப் போகாது. அவர் என்னிடம் எதைப் பற்றியும் யோசனை கேட்டதில்லை. ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்கிருந்த பெரிய ஆசை.

அக்காவைக் கட்டிய மச்சானுக்குச் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய சிவப்பு நிறத் திறந்த காரில் இரண்டே இருக்கைகள். போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது அதன் இன்ஜின் வெடித்துவிட்டது. கல்யாணம் ஆன முதல் ஆடிக்கு அக்காவையும் மச்சானையும் வீட்டுக்கு அழைத்திருந்தோம். அப்போது காரைக் கட்டி இழுத்து வந்து எங்கள் களத்தில் நிறுத்தினார்கள். அதற்கு எந்த இன்ஜினை வைப்பது என்ற பேச்சு சாப்பாட்டு இலை முன்னால் நடந்தது.

மச்சான் பேச்சுவாக்கில் ஒரு சேதி சொன்னார். அணை வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரின் கார் மலையில் பின்பக்கம் நொறுங்கிக் கிடக்கிறதாம். அதில் இருப்பது ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் இடிக்கிற பிஸ்டன் கிடையாது. மூன்று முனை உள்ள ஒரு துண்டு கூட்டுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். சின்னது, கனம் குறைவு, வேகம் அதிகம்.

“அப்படியுமொரு இன்ஜின் இருக்குதுங்களா! நல்ல சேதியா இருக்குதுங்களே மாப்ள.”

“உங்களுக்குச் சரின்னாச் சரிங்க மாமா.”

“நீங்க சொன்னா அதுக்கு மேல என்னுங்க இருக்குது?”

எனக்குப் பொறுக்கவில்லை. “அம்பாசடர் இன்ஜினைப் போட்டா ஆகாதா? அது ரிப்பேரானா சாமான் பொள்ளாச்சிலயே கெடைக்கும். இதுக்குச் சாமானுக்குக் கப்பல்லதான் போகோணும்” என்றேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். “பெரியவங்க பேசறபோது குறுக்க வராத. உம்பட நாயத்தைப் பேப்பர்ல எழுதிக்கோ, போ.”

மச்சான் தலையைக் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஜெயித்தவனின் மௌனம் என்று அதை எடுத்துக்கொண்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா மட்டும், “ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள அந்தக் காருக்கு மாட்டைப் பூட்டி ஓட்டீரலாம்” என்றாள்.

இன்ஜின் வந்து சேர்ந்தது. அப்பா அதோடு விடவில்லை. மலையில் உயரம் ஏற ஏறக் காற்று இலேசாகி இன்ஜினின் பலம் குறையும் என்று மச்சான் ஒரு தடவை சொல்லிவிட்டார். அப்பா அதை மனதில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை அவர்கள் வந்தபோது, “காத்துப் பத்தாதுன்னா ஊதி உள்ள தள்ளறதுக்கு டர்போன்னு ஒண்ணு இருக்குதாமுங்க மாப்ள. புகை போற வேகத்துலயே அது சுத்துமாமா. அதையும் வெச்சுப்போடலாமுங்களா?” என்றார். மச்சான் ஒரு நொடி தாமதித்து, “வெச்சுப்போடலாமுங்க மாமா” என்றார்.

இந்த விவரத்தைக் கேட்டறிய அப்பா கோயமுத்தூருக்கு வந்து பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறார். அதில் ஒரு பட்டறை எங்கள் அலுவலகம் இருந்த தெருவிலேயே இருந்தது. நான் மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டரி இன்ஜினைப் பற்றிய கட்டுரைகள் வந்த பத்திரிகைகள் என் மேஜையிலேயே கிடந்தன. அப்பா மாடி ஏறவில்லை. பட்டறைக்காரர் பிற்பாடு தற்செயலாகச் சொல்லித்தான் அவர் வந்ததே எனக்குத் தெரியும். அன்று செய்தி ஒன்றுக்கும் என்னால் ஒழுங்காகத் தலைப்பு வைக்க முடியவில்லை.

அணை வேலையில் கழித்துப்போட்ட ஓர் இயந்திரத்தின் டர்போவைத் தேடிப் பிடித்து, அந்தப் பட்டறைக்காரரே பொருத்திக் கொடுத்தார். முதல் ஓட்டத்தில் இரண்டாவது இருக்கையில் அப்பா உட்கார்ந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். கார் கிளம்பிய சத்தம், கோபம் வந்த தையல் மெஷின் மாதிரி இருந்தது. பின்னால் நீலப் புகை. கோவிந்தாபுரம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது அப்பாவின் கண் சிவந்து நீர் வழிந்தது. “ராக்கெட்டாட்டம் போகுதுங்க மாப்ள” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். சுழலும் துண்டின் முனைகளில் கசிவை அடைக்கும் சீல்கள் தேய்ந்து, இன்ஜின் எண்ணெயைக் குடித்தது. மேட்டில் கொதித்தது. பெட்ரோல் கிடைப்பதே பாடாக இருந்த வருஷங்கள் அவை. ஆனாலும் மச்சான் வரும்போதெல்லாம் அதில்தான் வருவார். அப்பா காத்திருந்து ஏறிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவார். திரும்பி வந்து புகழ்வார். நான் சாலையோரம் நின்று புகையை முகர்வேன். இரண்டு இருக்கைதானே, எனக்கு எங்கே இடம் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில், சொந்த அப்பாவோடு ஓர் அந்நியர் இவ்வளவு ஒத்துப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சமீபத்தில் சாந்தன்பாறைக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு வயதாகிவிட்டது. கார் அதே சிவப்பில் கொட்டகையில் நின்றது. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே அம்பாசடர் இன்ஜின். அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு மாற்றிவிட்டாராம்.

“அன்னிக்கு நீ சொன்னதுதாம்ப்பா என்ற மனசுலயும் இருந்துச்சு. மாமா அந்த ரோட்டரி மேல அத்தனை ஆசைப்பட்டாரு. எப்படி வேண்டாங்கறது?”

காப்பி கொண்டுவந்த அக்கா சிரித்தாள். “அப்பா எங்க ஆசைப்பட்டாரு? ‘பையன் சொன்னதுதான் சரி, மாப்பிள்ளை ஆசைப்படறப்ப எப்படி மறுக்கறது’ன்னு அன்னிக்கே அம்மாகிட்டச் சொல்லியிருக்காரு. அந்த டர்போவும் இவருக்காவத்தான்.”

மச்சான் கார் மூடியை மெல்லச் சாத்தினார். “நீ அவருகூட நேருக்கு நேரா நின்னு சண்டை கட்டுவியே, அதைப் பாக்கறப்ப எனக்கு ஏக்கமா இருக்கும். எனக்கு அந்தப் பாத்தியதை இல்லை பாரு” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. நான் சொன்னது சரி என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை அம்மாவிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. இந்த மனிதருக்காகவோ, பிடிக்காத ஓர் இன்ஜினைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, அதன் புகையில் கண் எரிய உட்கார்ந்து, சாகும்வரை சலிக்காமல் புகழ்ந்திருக்கிறார். என் மனம் நோகக் கூடாது என்று அப்பா ஒரே ஒரு பொய்யாவது சொல்லியிருக்கிறாரா என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“ஏறு, ஒரு சுத்துப் போலாம்” என்றார் மச்சான்.

இடப்பக்கத்து இருக்கை அப்பாவின் நீண்ட கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டு அப்படியே இருந்தது. முன்னே இழுத்துக்கொள்ளச் சொன்னார். நான் இழுக்கவில்லை. பூப்பாறைப் பக்கம் ஏலக்காட்டு நிழலில் கார் சத்தமில்லாமல், புகையில்லாமல், ஒழுங்காக ஓடியது.

“எப்படிப்பா? நீ சொன்ன இன்ஜின்தான்.”

“பழைய ரோட்டரி இன்ஜின்தானுங்க மச்சான் நல்லா இருந்துச்சு” என்றேன்.

மச்சான் மறுக்கவில்லை. “ஆமாப்பா, அதும் சரிதான்” என்றார்.