என் சேலையைக் கட்டியிருந்தவன்

என் குழந்தையை நான் ஒரு சேலையிடம் கொடுத்தேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள் நின்றன. என் கணவர் திருகோணமலை மறியற்சாலையில் கிளாக்கர். மறியல் என்னும் அந்தச் சிறையின் மதிலோடு ஒட்டிய குவாட்டர்ஸில் இருந்தோம். சமைக்கும் குசினியின் யன்னலைத் திறந்தால் கைதிகளின் முற்றம் தெரியும். கையில் கழுத்து நிற்காத பெண்பிள்ளை. யன்னலைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஜெயிலர் கைதிகளுக்குக் கூத்துப் பழக்க அனுமதி கொடுத்தார். தம்பலகாமத்திலிருந்து ஓர் அண்ணாவியார் வந்து பழக்கினார். கைக்குழந்தையோடு வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும் ஒரு தாயின் கதை, அவரே கட்டியது. தாயாக ஆடியவன் வெருகல் பக்கத்து மீன்பிடிகாரன். தோணிச் சண்டையில் சொந்தத் தம்பியைத் துடுப்பால் அடித்தான், தம்பி செத்துப்போனான். அதற்குத்தான் மறியல்.

ஒருநாள் மத்தளச் சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தேன். சுருட்டிய சாக்குத்தான் குழந்தை. மீன்கூடையை இடுக்குவதுபோல அதை இடுப்பில் இடுக்கியிருந்தான். தலைப்பக்கம் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மத்தியானம் சோறு போடும்போது, தலைக்கடியில் கை கொடுக்கவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன்.

“சாக்குக்குக் கழுத்து சுளுக்காதப்பா,” என்று சிரித்தார்.

ஆனாலும் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை பார்த்தபோது அவனுடைய இடக்கை சாக்கின் தலைக்கடியில் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, கொலை செய்தவன் பிள்ளை தூக்கப் பழகினால் உனக்கென்ன சந்தோஷம் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

தாய் வேஷத்துக்குச் சேலை கேட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். கணவருக்கு ஜெயிலரிடம் குறை வரக்கூடாதென்று, நீலக் கரை போட்ட என் பழைய சேலையைக் கொடுத்தேன். பேறுகாலத்துக்குப் பிறகு வீட்டில் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். கொடுத்த கையோடு ஏன் கொடுத்தேன் என்றிருந்தது.

கூத்தென்றால் விடிய விடிய ஆடுவார்கள். இரவில் விளக்கெரிக்கக் கூடாதென்று இருட்டடிப்பு இருந்தபடியால் பகலில் வைத்தார்கள். உத்தியோகத்தர்களின் குடும்பங்களையும் முற்றத்துக்கு அழைத்திருந்தார்கள். போகாவிட்டால் மரியாதையில்லை என்று பிள்ளையோடு போனேன்.

தாய் ஆற்றங்கரைக்கு வந்த இடத்தில் சைரன் ஊதியது. முன்பும் பலமுறை ஊதி ஒன்றும் நடவாமல் போயிருந்தது. அன்று அது ஓயுமுன்பே விமானச் சத்தம் கேட்டது. முற்றத்து மூலையில் கைதிகளே வெட்டிய பதுங்குகுழிக்கு எல்லோரும் ஓடினோம். கணவர் வாசற்பக்கம் அகப்பட்டுவிட்டார். குழி ஆழம். பிள்ளையோடு எப்படி இறங்குவதென்று தெரியாமல் விளிம்பில் நின்றேன். கீழேயிருந்து இரண்டு கைகள் நீண்டன. நீலக் கரை தெரிந்தது. தெரிந்த பெண் யாரோ என்று மனம் முடிவு கட்டிவிட்டது. கொடுத்துவிட்டேன்.

குதித்து நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். அரிதாரம் வேர்வையில் வழிந்து, அடியில் தாடிமயிர் கறுத்துக் கிடந்தது. அதற்குள் பின்னால் குதித்தவர்கள் எங்களுக்கு நடுவில் நெருங்கிவிட்டார்கள். எட்டிப் பிடிக்க ஏலாத தூரம்.

துறைமுகப் பக்கம் குண்டு விழுந்தது. குழியின் மண் தலையில் கொட்டியது. பிள்ளை ஒருமுறை வீரிட்டது. பிறகு சத்தமே இல்லை.

“மூச்சு விடுதோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா. என்ர கழுத்தில படுது,” என்றான். சற்றுப் பொறுத்து, “தலை கையிலதான் இருக்கு. நீங்கள் சொல்லிவிட்ட மாதிரித்தான் பிடிச்சிருக்கிறன்,” என்றான்.

சொன்னது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த குண்டுக்கு அவன் பிள்ளையைச் சுவர்ப்பக்கம் வைத்து முதுகைத் திருப்பிக்கொண்டான். கூத்தில் பாடும் தாலாட்டை முணுமுணுப்பது கேட்டது. ராகம் பிசகிக்கொண்டே இருந்தது.

ஆபத்து நீங்கியதென்று சைரன் ஊதியதும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பறித்தேன். அவன் கண்முன்னாலேயே கை, கால், உச்சி எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நன்றி சொல்லவில்லை. அவனுடைய கைகள் வெறுமையாக, தலையைத் தாங்கிய கை குழிந்தபடியே, கொஞ்ச நேரம் நின்றன.

உத்தியோகத்தர் பிள்ளை கைதியின் கைக்குப் போனது பெரிய கதையாகிவிட்டது. கூத்தை நிறுத்தவா என்று ஜெயிலர் கணவரிடம் கேட்டனுப்பினார். சேலை தோய்த்து மடித்துத் திரும்பி வந்திருந்தது.

“நீர் சொல்லுறதுதான் முடிவாம்,” என்றார் கணவர்.

நிறுத்தச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் குழியிலிருந்து பழகாத கைகள் நீண்டிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

“மிச்சத்தையும் ஆடட்டும்,” என்றேன்.

“நீர் வருவீரோ?”

“ஏலாது,” என்று சொல்லிச் சேலையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

மிச்சக் கூத்தைக் குசினி யன்னலால் பார்த்தேன். அவன் ஆற்றில் இறங்கினான். கை சாக்கின் தலைக்கடியில் போனது. என் கையும் என் பிள்ளையின் தலைக்கடியில் போனது. அவளுக்குக் கழுத்து நின்று அப்போது ஏழெட்டு நாள் ஆகியிருந்தது.