பின்சீட்டுக் குளிர்

ஹைபிரிட் கார்கள் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு ஏறி வரத் தொடங்கிய காலம் அது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் கார் என்றால் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அதை எங்கே சொருகிச் சார்ஜ் போடுவது என்று கேட்டார்கள். எங்கள் கராஜுக்கு முதலில் வந்த ஹைபிரிட், பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவருடையது. ஜப்பானில் ஓடிக் கைமாறி வந்த வண்டி. கூட வந்த புத்தகமும் ஜப்பான் மொழியில்தான் இருந்தது.

நான் கராஜில் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கவும் செடி வெட்டும் கவ்வாத்துக்கும் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு ஒரு வருடம் மோட்டார் படிப்பு. ஆங்கிலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். கராஜை நடத்திய சிங்களப் பெரியவரை எல்லோரும் பாஸ் என்போம். லொறி இஞ்சினின் குறையைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். ஆனால் உள்ளே கம்பியூட்டர் இருக்கும் வாகனம் வந்தால் என் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஜனவரியில் ஒரு காலை முதலாளி வந்தார். அவருடைய டிரைவர் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னை உள்ளே கூட்டிப் போனார்.

"தம்பி, லீட்டருக்குப் பதினெட்டு ஓடின வாகனம். இப்ப ஒரு மாசமா பன்னெண்டு கூட ஓடுதில்ல. நீங்க நல்லாப் பாருங்க. வாகனத்தில ஒரு பிழையும் இல்லாட்டி, இல்லன்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பார்த்துக்கொள்றேன்."

மிச்சம் என்ன என்று நான் கேட்கவில்லை. டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறார் என்று கடையில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. முதலாளி வேறு ஒரு டிரைவரை விசாரித்து வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது இருக்கிற டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்துத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், குடியிருப்பு, மனைவி கொழுந்து எடுக்கிறவர். எங்கள் பஜார் சின்னது. பெட்ரோல் திருடினார் என்று ஒரு கடைக்காரர் நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு வேறு யாரும் அவர் கையில் சாவி கொடுக்க மாட்டார்கள்.

டயர்களின் காற்றைப் பார்த்தேன். பிரேக் இறுகியிருக்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஏர் ஃபில்டர், பிளக், ஒயில் எல்லாம் சரி. பாஸ் ஒரு தடவை டவுனைச் சுற்றி ஓட்டி வந்து, "ஹொந்தய்" என்றார். நல்லாயிருக்கிறதாம். சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கி நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் டவுனை அடைத்துக்கொண்டிருந்தன. நெரிசலில் பெட்ரோல் கூடப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். நெரிசலில்தான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும் என்று நானே படித்திருந்தது அப்புறம் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் செய்தேன். டிக்கியைத் திறந்தபோது அதில் ஒரு ரப்பர் குழாய் சுருட்டிக் கிடந்தது. அதன் நுனியை எடுத்து மோந்து பார்த்தேன். நிமிர்ந்தால் டிரைவர் கண்ணாடி துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருக்கிறார்.

"சவக்கார வாசந்தான் வரும் தம்பி. வண்டி கழுவுற கொழாய்ங்க அது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிழை இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் அந்த மனுஷர் வேலையிழந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் முதலாளியிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். எப்போது குறையத் தொடங்கியது என்று விசாரித்ததில், அவருடைய மனைவியைக் கொழும்பு டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகத் தொடங்கிய பிறகுதான் என்று தெரிந்தது. அப்படியானால் வண்டியை டவுனில் பார்த்துப் பயனில்லை, கொழும்புப் பாதையில் பார்க்க வேண்டும் என்றேன்.

"சரி, போங்க. நீங்க பின்னுக்கு இருங்க. அவர் என்ன செய்றார்னும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

வட்டவளை தாண்டும்வரை அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவருக்கும் தெரியும், நான் எதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று. கினிகத்தேனைக்குக் கீழே இறக்கம். பிரேக் பிடிக்கப் பிடிக்க அந்த வேகம் மின்சாரமாகிப் பாட்டரியில் ஏற வேண்டும். கொஞ்ச தூரம் சார்ஜ் ஏறியது, பிறகு ஏறுவது நின்றுவிட்டது. அடிவாரத்தில் கித்துள்கலையில் வெயில் சுட்டது. அங்கிருந்து திரும்பி மேட்டில் ஏறியபோது மின்மோட்டார் கை கொடுக்கவே இல்லை. இஞ்சின் தனியாக முக்கியது. அதைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது, என் முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒரு விசிறியின் சத்தம். மூச்சு முட்டுகிறவன் மாதிரி அது இரைந்தது.

இந்தக் காரைப் பற்றி நெட் கஃபேயில் ஆங்கிலத்தில் பிரதி எடுத்து வந்திருந்த பக்கங்களைப் புரட்டினேன். பாட்டரி பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிரவைக்க, காருக்குள் இருக்கும் காற்றையே விசிறி இழுக்கிறது. இழுக்கும் வழி, பின்சீட்டின் ஓரத்தில் உள்ள ஒரு கறுப்புச் சட்டம். பாட்டரி சூடானால் கம்பியூட்டர் அதற்கு ஓய்வு கொடுத்துவிடும். எல்லாப் பாரமும் இஞ்சின் தலையில்.

ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். சட்டத்தின் பிளவுகளுக்குள் கறுப்புக் கம்பளித் துணி. கத்தி நுனியால் தள்ளியதுபோல அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தது.

"அண்ணே, இது என்னங்க?"

அவர் கண்ணாடியில் பார்த்தார். "அதுங்களா? மொதலாளியம்மாவுக்கு இழுப்பு இல்லையா தம்பி. விடிய வெள்ளன கெளம்புவோம். அந்த ஓட்டகிட்ட தோள்ல சில்லுனு காத்து ஓடுதுன்னாங்க. பழைய ஸ்வெட்டர் கையி ஒண்ண வெட்டி நாந்தான் அடச்சேன்."

எங்கள் லயத்திலும் மார்கழி பிறந்தால் அதுதான் முதல் வேலை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் எங்கே குளிர் நுழைகிறதோ அங்கே சாக்குத் துண்டைத் திணிப்போம். அந்தப் பக்கங்களைப் படிக்காமலிருந்தால் நானும் அடைத்திருப்பேன்.

ஒரு தேத்தண்ணிக் கடையருகே நிறுத்தச் சொல்லி விஷயத்தை விளக்கினேன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பெட்ரோல குடிச்சது நாந்தானா" என்று மெல்லச் சொன்னார்.

"தூசி அடைச்சிருந்துச்சு, கிளீன் பண்ணிட்டேன்னு நான் சொல்லிடுறேங்க. உங்க பேரு வராது."

"வேணாம் தம்பி. தூசின்னா நம்புவாரா, இல்ல ரெண்டு பேரும் கூட்டுன்னு நெனப்பாரா? உள்ளதச் சொல்லுங்க. மடையன்னுதானே நெனப்பாரு. மடையனுக்கு எங்கயாச்சும் வேல கெடைக்கும். திருடனுக்குக் கெடைக்காதுங்க."

துணியைப் பிடுங்கினோம். அரை மணி நேரம் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுத் திரும்பவும் ஏறினோம். விசிறி அடங்கியது. வளைவுகளில் மோட்டார் தள்ளுவதை டிரைவர்தான் முதலில் உணர்ந்தார்.

முதலாளி வீடு கடைக்குப் பின்னால். துணியை மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் அதையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இது என்ட பழைய ஸ்வெட்டர் கையல்லவா? நான்தான் குடுத்தேன். குளிருதுன்னு சொன்னதும் நான்தான்" என்றார். மூச்சு வாங்கியதால் அவர் மேலே பேசவில்லை.

முதலாளி லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. மறுநாள் தானே முன்சீட்டில் ஏறினார். பெட்ரோல் ஷெட்டில் வாய்வரை நிரப்பி அதே பாதையில் போய் வந்து, அதே ஷெட்டில் மறுபடி நிரப்பினோம். லீட்டருக்குப் பதினேழுக்கு மேல் வந்தது. கடை வாசலில் இறங்கியதும் முதலாளி சாவியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, டிரைவரிடமே திருப்பி நீட்டினார்.

"நாளைக்கு வழமபோல வாங்க."

டிரைவர் கை நீட்டவில்லை. "மொதலாளி, கடையில ரெண்டு பேரு இருக்காங்க. நான் உள்ள வந்தா பேச்ச நிப்பாட்டிடுறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க ஒருவாட்டி சொல்லணுங்க."

கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முதலாளி சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று, உள்ளே போனார். நாங்கள் வெளியில் நின்றோம். பருப்பு விலை சொல்கிற அதே குரலில், "பிழ அவர்ட இல்ல. நான்தான் பிழையா நெனச்சிட்டேன்" என்று அவர் சொன்னது தெருவரைக்கும் கேட்டது.

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்து, பாமசி பூட்டுவதற்குள் மொதலாளியம்மாவுக்கு மருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.