நசுங்காத எலுமிச்சை

என்னைவிட வயதான அந்த அம்பாசடரை கிரேனில் தூக்கி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். என்ஜின் ஓடாது என்று தெரிந்துதான் வாங்கினேன். தள்ளினால் நகரும் என்று மட்டும் நம்பியிருந்தேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அம்மா என்னையே நம்பினாள்.

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். "ஏறி உக்காருடா. நம்ம வீட்டுக்கு மொதக் காரு."

அப்பாவும் பக்கத்து வீட்டு மலையாளிச் சேட்டனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.

"மோனே, ஹேண்ட் பிரேக் விட்டோ?"

"விட்டாச்சு சேட்டா."

இறங்கி, படுத்துப் பார்த்தேன். பிரேக் துருவேறிச் சக்கரத்தோடு இறுகிப் போயிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் சரிசெய்ய முடியும் என்றேன்.

அம்மா முகம் மாறிவிட்டது. "பழம் வச்ச சக்கரத்தத் தரைய விட்டுத் தூக்கப்பிடாதுடா. மொத அது நசுங்கணும்."

"நகந்தாத்தானம்மா நசுங்கும்? தூக்குனாத்தானே நகரும்?"

அவள் காதில் அது ஏறவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ ஸ்டியரிங்கப் பிடி. இன்னொரு மட்டம் தள்ளுதோம்."

ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.