சென்சார் கேட் வந்த தீபாவளி

1. கேட் கத்தியது

எங்கள் ஜவுளிக்கடை வாசலில் சென்சார் கேட் வைத்த முதல் தீபாவளி அது. துணியில் மாட்டியிருக்கும் டேக்கைப் பில்லிங் கவுண்டரில் கழற்றாமல் யாராவது வெளியே கொண்டு போனால் அந்தக் கேட் கத்தும். சிவப்பு லைட்டும் எரியும். ராஜபாளையம் பஜாரில் அப்போது இரண்டு மூன்று கடைகளில்தான் இது வந்திருந்தது. மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரர் எப்படி வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுத்தார். கத்தினால் கஸ்டமரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் அப்போது சுடிதார், பாவாடை தாவணி செக்‌ஷனில் சீனியர். மத்தியானம் என்னிடம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா பெயர் முத்துலட்சுமி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை. மகள் தனம், பிளஸ் டூ படிக்கிறவள். மகளுக்குத் தாவணி செட் எடுக்க வந்திருந்தார்கள். பிள்ளை நீலத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தது.

"ஏட்டி, பஸ்ஸு போயிரும். ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்று அம்மா அவசரப்படுத்தினார். கடைசியில் நீலம் எடுத்தார்கள். நானே கவுண்டர் வரை கொண்டுபோய்க் கொடுத்து, பில் போட்டு முடிந்ததும் திரும்பினேன்.

பத்து அடி நடந்திருக்க மாட்டேன், கேட் கத்தியது.

செக்யூரிட்டி அவர்கள் பையை வாங்கிப் பார்த்தார். பில் சரி, துணி சரி, டேக்கும் கழற்றியிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னார். மகள் நடந்தாள், சத்தம் இல்லை. அம்மா நடந்தார், கத்தியது.

அந்த நேரம் மேனேஜர் வந்தார். புதிதாக வந்த மெஷின், தீபாவளிக் கூட்டம், மேலே முதலாளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் பதற்றம்தான். ஆனால் வாயில் வந்தது இது:

"பையில இல்லன்னா சேலைக்குள்ளதான் இருக்கும். எடுத்துருங்கம்மா. நீங்களா எடுத்துட்டா மரியாதை."

வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. முத்துலட்சுமி மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மகள்தான், "எங்கம்மா எடுக்கல சார், எங்கம்மா எடுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். படிக்கட்டில் நின்ற ஒரு பையன் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. நேரே போய் அந்தப் போனுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"தம்பி, போனை உள்ள வையுங்க. உங்க வீட்டு ஆளா இருந்தா எடுப்பீங்களா?"

அவன் உள்ளே வைத்தான். நான் முத்துலட்சுமி கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. "செத்த நேரம் உள்ள வாங்கம்மா" என்று டிரையல் ரூமுக்குக் கூட்டிப் போனேன்.

மேனேஜர் பின்னாலேயே, "ஜமீலாக்கா, நாளைக்கு ஸ்டாக்குல ஏதாவது கொறஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

"சரி சார், நானே பொறுப்பு" என்றேன்.

2. டிரையல் ரூம்

கதவைச் சாத்தியதும் அந்தம்மா முந்தானை ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

"பாத்துக்கோங்க. எல்லாத்தையும் அவுத்துக் காட்டுறேன். பிள்ளைய மட்டும் வெளிய அனுப்பிருங்க."

எத்தனையோ வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். அதைப் போல ஒரு குரலை நான் கேட்டதில்லை. "ஊக்கைப் போடுங்கம்மா. நான் அதுக்குக் கூப்பிடல" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிறகு மகளிடம் கேட்டேன்.

"பாப்பா, இங்க வாரதுக்கு முன்னாடி வேற கடைக்குப் போனீங்களா?"

"துணிக்கடைக்குப் போகலக்கா. பஸ்ஸ விட்டு எறங்கும்போது அம்மா செருப்பு வார் அறுந்துருச்சு. அங்கனயே ஒரு கடையில புதுசு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."

செருப்பைக் கழற்றித் தரச் சொன்னேன். வலது காலில் ஒன்றும் இல்லை. இடது செருப்பின் அடியில், குதிகால் பக்கம், சின்னதாகச் சதுரமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்கள் கடையில் உள்ளாடை டப்பாக்களில் ஒட்டுகிற அதே மாதிரி ஸ்டிக்கர். அதுவும் டேக்தான். செருப்புக் கடைக்காரர் பில் போட்டபோது அதை எடுக்க மறந்திருக்கிறார்.

இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதலில் முத்துலட்சுமியை வெறுங்காலோடு கேட்டைத் தாண்டச் சொன்னேன். சத்தம் இல்லை. பிறகு நான் செருப்போடு தாண்டினேன். கத்தியது.

செக்யூரிட்டி அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். "இவங்க உள்ள வரும்போதும் கத்துச்சுக்கா. வரும்போது கத்துனா என்னன்னு நான்தான் விட்டுட்டேன்."

3. மைக்

"சரி சரி, போகச் சொல்லுங்க" என்று மேனேஜர் கையை ஆட்டினார்.

முத்துலட்சுமி போகவில்லை. மேனேஜரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"திருடின்னு சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. இல்லன்னு சொல்றது எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா?"

அதற்குள் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "தப்பு நடந்துபோச்சும்மா. ஒரு சேலை எடுத்துக்கோங்க, எங்க கணக்குல" என்றார்.

"நான் சேலை கேக்கலய்யா."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் ஓரத்தில் ஆஃபர் சொல்லும் மைக்கை வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். நடந்ததைப் பார்த்து அவன் ஆஃபர் சொல்வதை நிறுத்தியிருந்தான். நான் போய் அந்த மைக்கை வாங்கினேன். மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை.

"வாடிக்கையாளர்களுக்கு ஒரு அறிவிப்பு. கொஞ்சம் முன்னாடி இந்த வாசல்ல ஒரு அம்மாவை நிறுத்தினோம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. வேற கடையில வாங்குன செருப்புல ஸ்டிக்கர் இருந்திருக்கு. தப்பு எங்க மேலதான். அந்த அம்மாகிட்டயும் அவங்க மகள்கிட்டயும் கடை சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறோம்."

ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்து நடந்தார். ஸ்டிக்கரை உரிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கேட் மறுபடி கத்தியது. ஒரு நொடி எல்லோரும் அப்படியே நின்றோம். பிறகு அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தது. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

4. மறுநாள்

மறுநாள் காலை முதலாளி மாடிக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு முந்தின நாளே போன் போட்டு, அங்கே கடைகளில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீக முதலாளி."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு மேனேஜரையும் மேலே வரச் சொல்லி, கேட் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் இருவரையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யச் சொன்னார்.

அன்று முடிவு செய்ததைத்தான் இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட் கத்தினால் "நில்லுங்க" என்று சத்தம் போடாதே. பக்கத்தில் போய், "டேக் எடுக்க விட்டுப்போச்சு போல, செத்த உள்ள வாங்க" என்று சொல். தப்பு நம்முடையது என்று வைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பி. முக்கால்வாசி நேரம் தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும்.

முத்துலட்சுமி அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவே இல்லை. அடுத்த பொங்கலுக்கு எங்கள் கடை வாசலைத் தாண்டி மகளோடு நடந்து போனார். கையில் எதிர்க்கடைப் பை. என்னைப் பார்த்ததும் நின்று, "நல்லாருக்கீங்களாக்கா?" என்று ரோட்டிலிருந்தே கேட்டார். "நல்லாருக்கேன்மா, பாப்பாவ நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்றேன். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டோம் என்பதற்காக ஒருவர் அந்தப் படியில் திரும்ப ஏற வேண்டியதில்லை.